ரொட்டியும் வரிசையும்: கம்யூனிசப் பொருளாதாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்யூனிசம் என்றதும் நம் ஊரில் செங்கொடியும் உண்டியலும் டீக்கடை விவாதமும்தான் நினைவுக்கு வரும். கட்சி அரசியலை இங்கே ஓரமாக வைத்துவிடுகிறேன். அந்த முறையில் நெல்லும் கோதுமையும் செருப்பும் ஆணியும் எப்படி உற்பத்தியாகி யார் கைக்குப் போய்ச் சேர்ந்தன என்பது மட்டும்தான் இந்தப் பக்கத்தின் விஷயம். என்னிடம் பலரும் கேட்ட கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நீளமான பதில், சிலவற்றுக்கு இரண்டே வரி.

கம்யூனிசமும் சோசலிசமும் ஒன்றா?

மார்க்ஸ் காலத்தில் இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றித்தான் புழங்கினார்கள். ஜெர்மன் தொழிலாளர் கட்சியின் வரைவுத் திட்டத்தை விமர்சித்து 1875-இல் எழுதிய குறிப்பில் மார்க்ஸ் இரண்டு கட்டங்களைப் பிரித்துக் காட்டினார். முதல் கட்டத்தில் உழைத்த அளவுக்குக் கிடைக்கும். உற்பத்தி பெருகிய பிறகு வரும் கட்டத்தில் தேவைக்கு ஏற்பக் கிடைக்கும். முதலாவதை சோசலிசம் என்றும் அடுத்ததைக் கம்யூனிசம் என்றும் அழைக்கும் வழக்கத்தை நிலைக்கச் செய்தவர் லெனின்.

அதனால்தான் கம்யூனிஸ்ட் கட்சி ஆண்ட நாடுகள் தங்களை சோசலிச நாடு என்றே சொல்லிக்கொண்டன. 1936-இல் வந்த சோவியத் அரசியல் சட்டத்திலும் "உழைப்புக்கு ஏற்ப" என்றுதான் இருந்தது, "தேவைக்கு ஏற்ப" என்று இல்லை. 1961-இல் சோவியத் தலைவர் குருஷேவ் காலத்துக் கட்சித் திட்டம், 1980-க்குள் கம்யூனிச சமுதாயம் பெருமளவு கட்டி முடிக்கப்படும் என்று அறிவித்தது. 1980 வந்தது. கம்யூனிசத்துக்குப் பதிலாக ஒலிம்பிக் போட்டி வந்தது என்று மாஸ்கோவாசிகளே கேலி பேசினார்கள்.

அப்படியானால் சட்டை, சைக்கிள் எல்லாம் பொதுச் சொத்தா?

இல்லை. பொதுவாக்க நினைத்தது உற்பத்திச் சாதனங்களை: நிலம், ஆலை, சுரங்கம், ரயில், வங்கி. வீட்டில் இருக்கும் தையல் மிஷினில் பிள்ளைக்குச் சட்டை தைத்தால் அது சொந்தப் பொருள். அதே மிஷினில் இரண்டு பேரைக் கூலிக்கு உட்கார வைத்துத் தைத்து விற்றால் சோவியத் சட்டப்படி அது சுரண்டல், குற்றம். கோடு எங்கே விழுகிறது என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு இருந்தது. போலந்தில் விளைநிலத்தின் பெரும்பகுதி கடைசிவரை தனியார் விவசாயிகளிடமே இருந்தது. கியூபாவிலோ 1968-இல் ஒரே வீச்சில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு வணிகங்களை அரசு எடுத்துக்கொண்டது. தெருவோரத் தின்பண்ட வண்டியும் அதில் தப்பவில்லை. அதற்குப் பிறகு மாலையில் சூடாக எதையாவது வாங்கித் தின்ன இடம் தேடியிருப்பார்கள், பாவம்.

சந்தை இல்லாமல் எதை எவ்வளவு செய்வது என்று யார் முடிவு செய்தார்கள்?

சோவியத்தில் அதற்கென்று ஒரு அமைப்பு இருந்தது. 1921-இல் தொடங்கிய கோஸ்பிளான், அதாவது அரசுத் திட்டக் குழு. முதல் ஐந்தாண்டுத் திட்டம் 1928-இல் ஆரம்பித்தது.

வேலை நடந்த விதம் ஒரு பெரிய கல்யாண வீட்டுக் கணக்கு மாதிரிதான். ஒவ்வொரு முக்கியப் பொருளுக்கும் இரண்டு பத்தி. ஒரு பக்கம் வரவு: ஆலைகள் செய்வது, இறக்குமதி, கையிருப்பு. மறுபக்கம் செலவு: எந்தத் துறைக்கு எவ்வளவு. இரண்டும் பொருந்த வேண்டும். எஃகு குறைந்தால் டிராக்டர் குறையும். டிராக்டர் குறைந்தால் கோதுமை குறையும். அதற்காக எஃகைக் கூட்டினால் நிலக்கரி போதாது, நிலக்கரியைக் கூட்டினால் ரயில் பெட்டி போதாது. இப்படி சுமார் இரண்டாயிரம் பொருள்களின் கணக்கை கோஸ்பிளான் நேராகப் பார்த்தது. மீதியை அமைச்சகங்கள் பார்த்தன. பென்சிலும் மணிச்சட்டமும் வைத்து இதைச் செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கிறது.

சிக்கல், இலக்கை எந்த அளவையில் சொல்வது என்பதில் வந்தது. கண்ணாடி ஆலைக்கு இலக்கு டன்னில் என்றால் தடித்த கண்ணாடி வரும். சதுர மீட்டரில் என்றால் தொட்டால் உடைகிற மெல்லிய கண்ணாடி வரும். 'குரோக்கடீல்' என்ற சோவியத் நகைச்சுவை இதழிலேயே ஒரு கேலிச்சித்திரம் வந்தது: ஆலையின் மாத இலக்கு முழுவதையும் ஒரே ஒரு பிரம்மாண்டமான ஆணியாகச் செய்து தொங்க விட்டிருக்கிறார்கள். எடைக் கணக்கு சரி. அடிக்கத்தான் சுவர் கிடைக்காது.

மேலாளருக்கும் ஒரு கணக்கு உண்டு. இந்த வருஷம் இலக்கைத் தாண்டினால் பரிசு. ஆனால் அதிகமாகத் தாண்டினால் அடுத்த வருஷ இலக்கு அதிலிருந்து தொடங்கும். ஆகவே புத்திசாலி மேலாளர் தன் ஆலையின் உண்மையான திறனை மறைப்பார், மூலப்பொருளைத் தேவைக்கு மேல் கேட்டுப் பதுக்குவார், இலக்கை ஒரு துளி மட்டும் தாண்டுவார். உதிரி பாகம் வராவிட்டால் அதை எங்கிருந்தாவது பிடித்துவர, பெட்டியும் பாட்டிலுமாக ஊர் ஊராகச் சுற்றும் ஆட்கள் இருந்தார்கள். 'தள்ளுகிறவர்' என்ற பொருளில் தொல்காச் என்று அவர்களுக்குப் பெயர். திட்டத்தில் எங்கும் இல்லாத இந்த ஆள் இல்லாமல் திட்டம் நகராது.

பணம், சம்பளம், கடை எல்லாம் இருந்தனவா?

இருந்தன. சம்பளம் ரூபிளில் வந்தது. திறமைக்கும் வேலைக்கும் ஏற்ப ஏற்ற இறக்கமும் இருந்தது. ஆனால் ரூபிளைக் கையில் வைத்திருப்பது மட்டும் போதாது, பொருள் கடையில் இருக்க வேண்டும். விலையை அரசு தீர்மானித்து ஆண்டுக்கணக்கில் அப்படியே வைத்திருந்தது. வீட்டு வாடகை விகிதம் 1928-க்குப் பிறகு கடைசிவரை மாறவே இல்லை. ரொட்டி விலை மிகவும் தாழ்ந்திருந்ததால் கிராமங்களில் பன்றிக்கும் கோழிக்கும் கடை ரொட்டியையே வாங்கிப் போட்டார்கள். தீவனத்தைவிட அது மலிவு.

விலை ஏறாதபோது அந்த வேலையை வரிசை செய்கிறது. எங்காவது வரிசையைப் பார்த்தால் என்ன விற்கிறார்கள் என்று கேட்காமலே போய் நின்றுகொள்வது அங்கே சாதாரணம். பைக்குள் எப்போதும் ஒரு வலைப்பை இருக்கும். அதன் ரஷ்யப் பெயர் 'அவோஸ்கா', 'ஒருவேளை கிடைத்தாலும் கிடைக்கும்' என்ற பொருளில் வந்த சொல். வரிசைக்கு மேலே இன்னொன்று, 'பிளாட்'. ஆள் பழக்கம், சிபாரிசு. மருத்துவருக்குக் கசாப்புக்காரரைத் தெரியும், கசாப்புக்காரருக்குத் தியேட்டர் டிக்கெட் விற்பவரைத் தெரியும். நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

விலையை ஏற்றிப் பார்க்கவும் செய்தார்கள். 1962 ஜூன் 1 அன்று இறைச்சி, வெண்ணெய் விலைகள் கூடின. தெற்கு ரஷ்யாவின் நோவோசெர்காஸ்க் நகரில் ரயில் இஞ்சின் ஆலைத் தொழிலாளர்களுக்குக் கிட்டத்தட்ட அதே சமயத்தில் கூலி விகிதமும் குறைந்திருந்தது. வேலைநிறுத்தம், ஊர்வலம். மறுநாள் ராணுவம் சுட்டது. 26 பேர் இறந்தார்கள். பிறகு ஏழு பேருக்கு மரண தண்டனை. தொழிலாளர் அரசு தொழிலாளர்களைச் சுட்ட செய்தி 1980-களின் கடைசிவரை வெளியே பேசப்படவில்லை. அடிப்படை உணவின் விலையில் கை வைக்க அதற்குப் பிறகு 1991 வரை மாஸ்கோவுக்குத் துணிவு வரவில்லை. மானியம் வீங்கிக்கொண்டே போனது, வரிசையும் நீண்டுகொண்டே போனது.

மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் ஏன் அவ்வளவு மலிவாக இருந்தன?

இதைக் கேட்பவர்கள் எல்லாம் ஐம்பதைத் தாண்டியவர்கள், என்னைப் போல. முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா, மீர் என்று பெயர் போட்டு, கெட்டி அட்டையில், நல்ல தாளில் வந்த புத்தகங்கள் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைத்தன. மேலே சொன்ன அதே விஷயம்தான் காரணம். தாளின் விலை, அச்சுக்கூலி, மொழிபெயர்ப்பாளர் சம்பளம், கப்பல் வாடகை எதற்கும் புத்தகத்தின் பின்னட்டை விலைக்கும் தொடர்பு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கருத்து பரவ வேண்டும் என்று அரசு நினைத்தது, விலையைக் குறைத்து வைத்தது. எங்கள் வீட்டு அலமாரியில் பாதி அந்தக் கடனில் நிரம்பியதுதான். அந்தத் தாள் எந்த ரஷ்யப் பள்ளிக்கூடத்து நோட்டுப் புத்தகத்துக்குப் போயிருக்க வேண்டியது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஆரம்பத்திலிருந்தே எல்லாவற்றையும் அரசுதான் நடத்தியதா?

முன்னும் பின்னுமாகப் போனார்கள். 1918 முதல் 1921 வரை உள்நாட்டுப் போர்க் காலத்தில், தானியத்தில் உபரி எல்லாம் அரசுக்கு என்று துப்பாக்கியோடு போய் எடுத்தார்கள். உபரி பறிபோகும் என்றால் விவசாயி என்ன செய்வார்? தன் சாப்பாட்டுக்கு மட்டும் விதைத்தார். அதோடு வறட்சியும் சேர, 1921-22 பஞ்சத்தில் சுமார் 50 லட்சம் பேர் இறந்தார்கள். புரட்சியின் பெருமையாகக் கருதப்பட்ட கிரான்ஸ்டாட் கடற்படை வீரர்களே 1921 மார்ச்சில் கிளர்ந்தெழுந்தார்கள். அந்த மாதமே லெனின் பின்வாங்கினார். குறிப்பிட்ட அளவு தானியத்தை வரியாகக் கொடு, மீதியைச் சந்தையில் விற்றுக்கொள் என்றார். சிறு கடைகளும் திறந்தன. இதற்குப் புதிய பொருளாதாரக் கொள்கை என்று பெயர். ஐந்தாறு ஆண்டுகளில் விவசாயம் போருக்கு முந்தைய நிலையை எட்டிப் பிடித்தது.

இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே கதை வேறு வேறு நாட்டில், வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும்.

கூட்டுப்பண்ணைகளில் என்னதான் நடந்தது?

1928-இல் அரசு கொடுத்த கொள்முதல் விலை குறைவு என்று விவசாயிகள் கோதுமையை விற்காமல் வைத்திருந்தார்கள். தொழில் நகரங்களுக்கு ரொட்டி வேண்டும், வெளிநாட்டு எந்திரம் வாங்கத் தானிய ஏற்றுமதி வேண்டும். விலையை உயர்த்துவது ஒரு வழி. ஸ்டாலின் தேர்ந்தெடுத்தது இன்னொன்று. 1929 கடைசியில் நிலம், மாடு, ஏர் எல்லாவற்றையும் கூட்டுப்பண்ணையில் சேர்க்கும் வேட்டை தொடங்கியது. கொஞ்சம் வசதியான விவசாயிகள், அல்லது யாருக்கோ பிடிக்காதவர்கள், 'குலாக்' ஆனார்கள். 1930-31-இல் மட்டும் சுமார் 18 லட்சம் பேரைக் குடும்பத்தோடு நாட்டின் தொலைதூரப் பகுதிகளுக்கு விரட்டினார்கள்.

பண்ணையில் சேர்ப்பதற்கு முந்தின இரவு விவசாயிகள் தங்கள் மாடுகளை வெட்டித் தின்றார்கள். எப்படியும் போகப்போகிற மாடுதானே. சில ஆண்டுகளில் நாட்டின் கால்நடையில் ஏறக்குறைய பாதி காலி. அப்புறம் 1932-33 பஞ்சம். விளைச்சல் குறைந்தும் கொள்முதல் இலக்கு குறையவில்லை. அறுத்த வயலில் கதிர் பொறுக்கினாலும் பொதுச்சொத்துத் திருட்டு என்று 1932 ஆகஸ்ட் 7 சட்டம் சொன்னது. ஊரை விட்டுத் தப்பியோடவும் தடை. சோவியத் முழுவதும் 50 முதல் 70 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடுகள் சொல்கின்றன. உக்ரைனில் 35 லட்சத்துக்குக் குறையாது. கஸக்ஸ்தானில் சுமார் 15 லட்சம். அந்த மாதங்களிலும் தானியக் கப்பல்கள் கிளம்பிக்கொண்டுதான் இருந்தன.

இதைப் படிக்கும்போது எனக்கு 1876-78 தாது வருஷப் பஞ்சம் நினைவுக்கு வராமல் இருக்காது. அப்போதும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பல் ஏறியது. சந்தையின் போக்கில் தலையிடக் கூடாது என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் சொன்னார்கள். உக்ரைனில் திட்டத்தின் போக்கில் தலையிடக் கூடாது என்றார்கள். இரண்டு இடத்திலும் வயலில் நின்றவனுக்குப் பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை.

பஞ்சத்துக்குப் பிறகு ஒரு சமரசம். கூட்டுப்பண்ணைக் குடும்பம் ஒவ்வொன்றும் வீட்டை ஒட்டிச் சிறு தோட்டமும் ஒரு பசுவும் வைத்துக்கொள்ளலாம், விளைந்ததை ஊர்ச் சந்தையில் விற்கலாம். விதைப்பு நிலத்தில் 3 சதவீதம்கூட முழுதாக வராத இந்தக் கொல்லைகளிலிருந்து, பிந்தைய காலத்தில் நாட்டின் வேளாண் உற்பத்தியில் ஏறக்குறைய கால் பங்கு வந்தது. காய்கறி, பால், முட்டை போன்ற உழைப்பு மிகுந்த பொருட்கள்தான் அதில் அதிகம், பண்ணையின் தீவனமும் அங்கே போனது. அதைக் கழித்துப் பார்த்தாலும் சிறிய விஷயம் இல்லை. பெரிய பண்ணைகளை நம்பியிருந்த சோவியத் 1963-இல் வெளிநாட்டுக் கோதுமையை வாங்கத் தொடங்கியது. 1972-இல் அமெரிக்காவிடமே பெருமளவில் வாங்கியது.

இவ்வளவு மோசமென்றால் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை எப்படி அனுப்பினார்கள்?

நல்ல கேள்வி. எல்லா வளத்தையும் ஒரே இடத்தில் குவிக்க வேண்டிய வேலைகளில் இந்த முறை பலமானது. 1928-இல் 43 லட்சம் டன்னாக இருந்த எஃகு உற்பத்தி 1940-இல் 183 லட்சம் டன். ஹிட்லரின் படையைத் தடுத்து நிறுத்திய டாங்கிகள் அந்த எஃகில் செய்தவை. எழுத்தறிவு, பெண்கள் மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் வந்தது, எல்லோருக்கும் வேலை, இலவச மருத்துவம் இவையெல்லாம் கட்டுக்கதை இல்லை. 1957-இல் ஸ்புட்னிக், 1961-இல் விண்வெளிக்குப் போன முதல் மனிதர் ககாரின். நெய்வேலி அனல்மின் நிலையமும் பிலாய் உருக்காலையும் சோவியத் உதவியோடு எழுந்தவைதான். ராக்கெட்டுக்கு வாடிக்கையாளர் ஒருவர்தான், அவருக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரியும். செருப்புக்கு 28 கோடி வாடிக்கையாளர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு கால் அளவு.

சீனா அதையேதான் செய்ததா?

முதலில் வேறு மாதிரி. 1950-களின் தொடக்கத்தில் நிலப்பிரபுக்களின் நிலத்தைப் பறித்து ஏழை விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அதில் நிறைய ரத்தமும் சிந்தியது. கொடுத்த நிலத்தைச் சில ஆண்டுகளிலேயே கூட்டுறவுக்குள் இழுத்தார்கள். 1958-இல் மாபெரும் பாய்ச்சல் என்ற பெயரில் நாடு முழுக்க மக்கள் கம்யூன்கள் என்ற பிரம்மாண்டக் கூட்டுப்பண்ணைகள், பொதுச் சமையற்கூடங்கள், கொல்லைப்புற இரும்பு உலைகள். சில இடங்களில் வீட்டுச் சட்டியையும் அந்த உலையில் போட்டு உருக்கினார்கள்.

மேலிடத்தைக் குளிர்விக்க ஒவ்வொரு ஊரும் பொய் விளைச்சல் சொன்னது. பத்து வயலின் நாற்றைப் பிடுங்கி ஒரே வயலில் நெருக்கி நட்டு, வந்த தலைவர்களுக்குக் காட்டினார்கள். பொய்யான விளைச்சலுக்கு உண்மையான நெல்லைக் கொள்முதல் செய்தது அரசு. 1959 முதல் 1961 வரை இறந்தவர்கள் ஒன்றரைக் கோடி என்பாரும் உண்டு, நாலரைக் கோடி என்பாரும் உண்டு. மூன்று கோடியை ஒட்டியே பல மதிப்பீடுகள் நிற்கின்றன.

பிறகு 1978 குளிர்காலம். அன்ஹுய் மாகாணத்தில் ஸியாவ்காங் என்ற சிற்றூர். பஞ்சம் வந்தால் பிச்சைக்குக் கிளம்பிவிடுவது அந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கம். 18 குடும்பத்தார் ஒரு மண் குடிசையில் ரகசியமாகக் கூடி ஒரு தாளில் பெருவிரல் ரேகை வைத்தார்கள். கம்யூன் நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வோம், அரசுக்குரிய பங்கைக் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்வோம், இதற்காக யாராவது சிறைக்குப் போனால் அவர் பிள்ளைகளை 18 வயதுவரை மற்றவர்கள் வளர்க்க வேண்டும். மறு ஆண்டு விளைச்சல் பல மடங்கு. விஷயம் கசிந்தது. மாகாணக் கட்சித் தலைவர் வான் லி தண்டிக்கவில்லை, தொடரட்டும் என்றார். சீனத் தலைவர் டெங் சியாவ்பிங் அதை ஆதரித்தார். சில ஆண்டுகளில் கம்யூன்கள் கலைந்தன. 1978-இல் சுமார் 30 கோடி டன்னாக இருந்த தானியம் 1984-இல் 40 கோடி டன்னைத் தாண்டியது. கொள்முதல் விலையை அரசு உயர்த்தியதும், உரமும் நல்ல விதையும் வந்ததும்கூட இதற்குக் காரணம்தான். ஆனால் நிலமும் ஆட்களும் அதே நிலம், அதே ஆட்கள்.

இன்றைய சீனா கம்யூனிச நாடா?

ஆட்சி கம்யூனிஸ்ட் கட்சியுடையது. நிலம் அரசுக்கோ கிராமக் கூட்டமைப்புக்கோ சொந்தம், விவசாயிக்கு உழும் உரிமை மட்டும். பெரிய வங்கிகள், எண்ணெய், தொலைத்தொடர்பு அரசிடம். ஐந்தாண்டுத் திட்டமும் உண்டு. மீதியெல்லாம் விலை, லாபம், பங்குச்சந்தை, கோடீஸ்வரர். 1992-இல் கட்சி இதற்கு 'சோசலிசச் சந்தைப் பொருளாதாரம்' என்று பெயர் வைத்தது. மார்க்ஸ் படித்தால் தலையைச் சொறிவார்.

வியட்நாம்?

அதே கதை, சுருக்கமாக. கூட்டுறவுப் பண்ணை, அரிசித் தட்டுப்பாடு, 700 சதவீதத்துக்கு மேல் பணவீக்கம். 1986 டிசம்பரில் 'தோய் மோய்' என்ற சீர்திருத்தம். 1988-இல் நிலத்தைக் குடும்பங்களிடம் நீண்ட காலத்துக்கு ஒப்படைத்தார்கள். 1988 தொடக்கத்தில்கூட வடபகுதியில் பட்டினி இருந்த நாடு, 1989-இல் சுமார் 14 லட்சம் டன் அரிசியை ஏற்றுமதி செய்தது.

கியூபாவின் வறுமைக்குத் தடைதானே காரணம்?

அமெரிக்கத் தடை அறுபது ஆண்டுகளாக உண்மையில் கழுத்தை நெரிக்கிறது. அதை மறுப்பவர்கள் நேர்மையாகப் பேசவில்லை. எல்லாவற்றுக்கும் அது மட்டுமே காரணம் என்பவர்களும் அப்படித்தான். 1962 முதல் 'லிப்ரேத்தா' என்ற ரேஷன் புத்தகம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. சோவியத் கூடுதல் விலைக்குச் சர்க்கரை வாங்கி எண்ணெய் கொடுத்தவரை வண்டி ஓடியது. மருத்துவத்திலும் பள்ளிக்கல்வியிலும் பணக்கார நாடுகளோடு ஒப்பிடும்படி இருந்தார்கள். 1991-இல் சோவியத் மறைந்ததும் மூன்றே ஆண்டில் பொருளாதாரம் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. 1994-இல் உழவர் சந்தைகளைத் திறந்துவிட்டார்கள். வழக்கம்போல வயலிலிருந்துதான் பின்வாங்கல்.

வட கொரியா, யூகோஸ்லாவியா, கம்போடியா?

வட கொரியாவில் அரசு விநியோகம் 1990-களின் பஞ்சத்தில் உடைந்தது. வீட்டுப் பெண்கள் கூடி நடத்திய 'ஜாங்மாதாங்' சந்தைகள்தான் பலரைக் காப்பாற்றின. யூகோஸ்லாவியா 1950-இல் ஆலைகளைத் தொழிலாளர் குழுக்களிடம் ஒப்படைத்து, 1953-இல் கூட்டுப்பண்ணைகளைக் கைவிட்டது. வாழ்க்கைத்தரம் உயர்ந்தது, ஆனால் வேலையின்மையும் வந்தது; லட்சக்கணக்கானோர் மேற்கு ஜெர்மனிக்கு வேலைக்குப் போனார்கள். கம்போடியாவில் 1975-79-இல் பணத்தையே ஒழித்தார்கள், மத்திய வங்கிக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள், நகரங்களைக் காலி செய்தார்கள். 15 முதல் 20 லட்சம் பேர் மடிந்தார்கள். அதைப் பொருளாதார முறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேரளமும் மேற்கு வங்கமும் கம்யூனிசப் பொருளாதாரமா? நம் ரேஷன் கடை?

இல்லை. கேரளத்தில் 1957-இல் தேர்தலில் வென்று வந்த அரசு இந்திய அரசியல் சட்டத்துக்குள் இயங்கிய மாநில அரசு. ரிசர்வ் வங்கியும் ரயில்வேயும் டெல்லியிடம். நிலச் சீர்திருத்தத்தில் குத்தகைக்காரரை உடைமையாளராக்கினார்கள். மேற்கு வங்கத்தில் 1978-இல் தொடங்கிய ஆபரேஷன் பர்கா, வாரத்துக்கு உழுபவரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியது. இரண்டும் கூட்டுப்பண்ணைக்கு நேர் எதிர்த்திசை.

ரேஷன் கடைக்கு வரும் அரிசி, சொந்த நிலத்தில் உழுதவரிடம் அரசு ஆதரவு விலைக்கு வாங்கியது. பிடிக்கவில்லை என்றால் பக்கத்து மளிகைக் கடையில் பொன்னி வாங்கிக்கொள்ளலாம். லிப்ரேத்தா வைத்திருந்தவருக்குப் பல ஆண்டுகள் பக்கத்துக் கடை இருக்கவில்லை.

இன்றைய கம்ப்யூட்டர்களை வைத்துச் செய்தால் திட்டமிடல் வெற்றி பெறாதா?

இது நூறு வருஷச் சண்டை. விலை இல்லாமல் எது வீண், எது லாபம் என்று கணக்குப் போடவே முடியாது என்று 1920-இல் ஆஸ்திரியப் பொருளாதார அறிஞர் மீசஸ் எழுதினார். விலையைத் திட்டக் குழுவே சந்தைபோல ஏற்றி இறக்கிக் கண்டுபிடிக்கலாம் என்று போலந்தின் ஆஸ்கர் லாங்கே பதில் சொன்னார்.

எனக்குப் பிடித்த கதை லெனின்கிராடில் நடந்தது. 1930-களின் கடைசியில் ஒட்டுப்பலகை ஆலைக்காரர்கள் ஒரு சிக்கலோடு லியோனித் கந்தரோவிச் என்ற இளம் கணிதப் பேராசிரியரிடம் வந்தார்கள். எந்த மிஷினில் எந்த மரத்தைப் போட்டால் மொத்த உற்பத்தி அதிகமாகும்? அவர் கண்டுபிடித்த முறைதான் இன்று உலகம் முழுக்கப் பயன்படும் நேரியல் திட்டமிடல். அந்தக் கணக்கைப் போட்டபோது விடையோடு கூடவே வேறொன்றும் வந்தது: பற்றாக்குறையான ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், அதன் அருமையைக் காட்டும் எண். வேறு வார்த்தையில் சொன்னால் விலை. உழைப்பே மதிப்பின் ஊற்று என்ற மார்க்சியப் பாடத்தோடு இது மோதியது. போர்க் காலத்திலேயே எழுதி முடித்த அவருடைய பொருளாதார நூல் 1959 வரை அச்சேறவில்லை. 1975-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே கம்ப்யூட்டர் கணக்கைப் போட்டுவிடும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்குள் போடும் எண்களை யாராவது சொல்ல வேண்டும்: இந்த வயலில் எவ்வளவு விளைந்தது, இந்த ஆலையில் எவ்வளவு முடியும். 1958-இல் பத்து வயல் நாற்றை ஒரே வயலில் நட்டுக் காட்டியவரிடமும், ஆலையின் திறனை மறைத்து வைத்த மேலாளரிடமும்தான் அதைக் கேட்க வேண்டியிருக்கும்.